மேடை மியூசிக்கல் படமானால்: யார் பாடினார்கள், யார் ஆடினார்கள்

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளிலோ லண்டனிலோ ஓடிய ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் நாடகம், படமாக வந்துவிட்டால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி, "நடிகர்தானே, இவ்வளவு பாடியதே பெரிசு" என்று தட்டிக்கொடுக்கும். இன்னொரு கட்சி, மேடையில் அதே பாட்டைப் பாடியவரின் ஒலிப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு சுரம் சுரமாக ஒப்பிட்டுத் திட்டும். எனக்கு இரண்டுமே ஒத்துவராது. அந்தப் பாட்டில் பாத்திரத்துக்கு என்ன வேலை இருக்கிறது, அந்த வேலையை நடிகரின் குரலும் உடம்பும் செய்து முடித்தனவா, இதை மட்டும்தான் நான் பார்க்கிறேன். இப்படிப் பார்த்தால் சுமாரான குரல் சில இடங்களில் தேறிவிடுகிறது, அற்புதமான குரல் சில இடங்களில் உதைக்கிறது. பிடித்தது பிடிக்காதது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் 'லே மிசராப்ல', 2012, டாம் ஹூப்பர் இயக்கியது. இந்த விஷயத்தைப் பேச இதைவிட நல்ல படம் கிடையாது, ஏனென்றால் ஒரே படத்துக்குள் எல்லா வகை உதாரணமும் இருக்கிறது. வழக்கமாக மியூசிக்கல் படங்களில் பாட்டை முன்கூட்டியே ஸ்டூடியோவில் பதிவு செய்துவிடுவார்கள், படப்பிடிப்பில் நடிகர் அதற்கு வாயசைப்பார். அதாவது எந்த வரியில் அழுவது, எங்கே மூச்சு வாங்குவது என்பதெல்லாம் செட்டுக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடும். ஹூப்பர் இதை மாற்றினார். நடிகர் காதுக்குள் சின்ன இயர்பீஸ், செட்டுக்கு வெளியே ஒருவர் பியானோ வாசிப்பார், நடிகர் நிறுத்தினால் பியானோவும் நிற்கும், இழுத்தால் இழுக்கும். முழு இசைக்குழுவின் வாசிப்பைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த முறையால் முழுப் பலனும் அடைந்தவர் ஆன் ஹாத்வே. அவர் வேடமான ஃபான்டீனின் பெரிய பாட்டு 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' மேடையில், அவளுக்கு வேலை போனவுடன், அவள் தெருவுக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும். படத்தில் அதைத் தள்ளிவைத்து, அவள் முடியை விற்று, பல்லை விற்று, கடைசியில் உடம்பையும் விற்ற பிறகு கொண்டுவந்தார்கள். இந்த ஒரு மாற்றத்தால் பாட்டின் வேலையே மாறிப்போகிறது. மேடையில் அது ஏக்கம், இங்கே ஏங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஹாத்வே அதைப் புரிந்துகொண்டு பாடுகிறார். முதல் வரிகளைக் கிட்டத்தட்டப் பேச்சாகவே விடுகிறார், சொல்லின் கடைசி எழுத்துகள் தொண்டையிலேயே அமுங்கிப் போகின்றன, நடுவில் குரல் ஏறும் இடத்தில் வருவது கோபம். அழகாகப் பாட வாய்ப்பிருந்த இடத்தையெல்லாம் அவர் விட்டுவிடுகிறார். கேமரா முகத்தை விட்டு நகருவதில்லை, அதனால் ஒவ்வொரு மூச்சும் எங்கே எடுக்கப்படுகிறது என்று நமக்குத் தெரிகிறது. சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது, நியாயமாகவே கிடைத்தது.

அதே முறை ஹ்யூ ஜாக்மனுக்குச் சரிப்பட்டு வரவில்லை. இத்தனைக்கும் அவர் மேடைக்காரர். 1998-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'ஓக்லஹோமா', அப்புறம் பிராட்வேயில் 'தி பாய் ஃப்ரம் ஆஸ்', அதற்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. நடிப்பு, தாளம், சொல் உச்சரிப்பு எதிலும் குறையில்லை. ஆனால் 'பிரிங் ஹிம் ஹோம்' என்பது ஒரு வேண்டுதல். பக்கத்தில் காயப்பட்ட பையன்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், கிழவர் வால்ஜான், அதாவது ஜாக்மனின் வேடம், கடவுளிடம் மெதுவாகக் கேட்கிறார். இந்தப் பாட்டே லண்டனின் முதல் வால்ஜான் கோல்ம் வில்கின்சனின் குரலை மனதில் வைத்து எழுதப்பட்டது. மேல் ஸ்தாயியில் காற்று மாதிரி மெலிதாக நிற்க வேண்டும். ஜாக்மன் அதை முழுத் தொண்டையில் தள்ளுகிறார், நரம்பு புடைக்கிறது, குரல் நடுங்குகிறது, வேண்டுதல் அங்கே வாக்குவாதமாகிவிடுகிறது. சரி, அவரும் ஒரு விளக்கத்தோடுதான் பாடியிருப்பார், ஆனால் தூங்குகிற பையன் எழுந்துவிடுவான் என்ற அளவுக்குச் சத்தம் போட்டால் காட்சி என்னாவது? இதில் கூடுதல் சங்கடம், அதே வில்கின்சன் இந்தப் படத்தில் பிஷப்பாக வருகிறார், சில வரிகள்தான், அதற்குள் அந்தப் பழைய குரலின் எடை என்ன என்று காட்டிவிட்டுப் போகிறார்.

ரஸ்ஸல் க்ரோவை எல்லோரும் அடித்துத் துவைத்துவிட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபமில்லை, அவரைப் போலீஸ் அதிகாரி ஜாவேர் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள்மேல்தான் கோபம். க்ரோ பாடத் தெரியாதவர் அல்ல, சொந்தமாக ராக் இசைக்குழு வைத்திருந்தவர். ராக் குரல் சொல்லை வெட்டி வெட்டிப் போடும், சுரத்தை நீட்டிக் கார்வை கொடுத்து நிற்காது. ஜாவேருக்குத் தேவைப்படுவதோ நேர்க்கோடு போன்ற கார்வை. சட்டம் ஒன்று, நட்சத்திரங்கள் தம் இடத்தை விட்டு நகராது, நானும் நகரமாட்டேன் என்கிற மனுஷன் அவன். அவன் பாடும் ஒவ்வொரு நீண்ட சுரமும் அசையாமல் நின்றால்தான் கடைசியில் அவன் உடையும்போது நமக்கு உறைக்கும். க்ரோவின் சுரங்கள் வரி முடிவதற்கு முன்பே தளர்ந்துவிடுகின்றன. முதல் பாட்டிலேயே சந்தேகம் வந்துவிட்ட ஜாவேர், பிறகு எதற்காகப் பாலத்திலிருந்து குதிக்கிறான்?

எடி ரெட்மெய்ன் பாடும்போது தாடை துடிப்பதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. நண்பர்களெல்லாம் செத்துப்போன அறையில் உட்கார்ந்து பாடுகிறவனின் தாடை துடிக்கத்தான் செய்யும், சுருதி விலகவில்லை, அது போதும். சமந்தா பார்க்ஸ் எப்போனைனை ஏற்கெனவே மேடையில் செய்தவர், 2010-ல் நடந்த 25-ஆம் ஆண்டு கச்சேரியிலும் பாடியவர். மழையில் நனைந்தபடி அவர் பாடும்போது படத்தில் முதல்முறையாக நமக்குப் பயம் விலகுகிறது, இவர் தடுக்கி விழமாட்டார் என்று தெரிந்து பாட்டுக்குள் போய்விடுகிறோம். அந்த நிம்மதியை மற்றவர்கள் ஏன் தரவில்லை என்பதுதான் கேள்வி.

இனி இரவல் குரல் விஷயம். பின்னணிப் பாடகர் பாட, நடிகர் வாயசைப்பதில் நமக்கு எந்த வருத்தமும் கிடையாது, பாடியவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டையே கேட்கிறோம். ஹாலிவுட்டில் அதை மறைத்தார்கள், அநியாயம் அங்கேதான். மார்னி நிக்சன் என்று ஒரு பாடகி. 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்கு, 1961-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நாட்டலி வுட்டுக்கு, 1964-ன் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு எல்லாம் குரல் கொடுத்தவர் அவர்தான், திரையில் பெயர் கிடையாது. நாட்டலி வுட் தன் குரல்தான் வரும் என்று நம்பிப் பாடிப் பதிவு செய்துகொடுத்தார். பிறகு அவர் உதடசைவுக்கு ஏற்ப நிக்சன் பாட வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் கொடுமை.

'மை ஃபேர் லேடி'யை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். 'ஜஸ்ட் யூ வெய்ட்' பாட்டின் கரகரப்பான பகுதிகளில் ஹெப்பர்னின் சொந்தக் குரல் இருக்கிறது, மெட்டு மேலே ஏறிக் கனவு காணும் பகுதிக்குப் போனதும் நிக்சன் வந்துவிடுகிறார். ஒட்டுப்போட்ட இடம் காதில் படுகிறது. அந்தக் கரகரப்புதான் எலைஸா என்று நான் சொல்வேன், பூ விற்கிற பெண்ணின் ஆத்திரம் அதில் அப்படியே இருக்கிறது. மேலே போனதும் வருவது சொப்ரானோ என்கிற அழகான உச்சஸ்தாயிக் குரல், அதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை. எதிரே ரெக்ஸ் ஹாரிசன். அவர் பாடுவதே இல்லை, சுருதி தொட்டும் தொடாமலும் பேசிக்கொண்டே போவார். ஒரு தடவை சொன்ன மாதிரி மறுதடவை சொல்ல வராது, வாயசைக்க முடியாது என்று அவர் மறுத்ததால் டைக்குள் கம்பியில்லா மைக்கை மறைத்து வைத்து செட்டிலேயே பதிவு செய்தார்கள். விளைவு, படம் முழுக்க அவர் யோசிப்பது நமக்குக் கேட்கிறது. ஆஸ்கர் அவருக்கு. ஹெப்பர்னுக்குப் பரிந்துரைகூட இல்லை, அந்த வருடம் சிறந்த நடிகை விருது ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் போனது, அதாவது பிராட்வேயில் எலைஸாவாகப் பாடி நடித்திருந்தும் இந்தப் படத்தில் வேடம் மறுக்கப்பட்டவருக்கு, 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக.

'மம்மா மியா!', 2008. பியர்ஸ் பிராஸ்னன் 'எஸ்.ஓ.எஸ்.' பாடுவதை நான் காப்பாற்றப் போவதில்லை, மனுஷன் மனதாரப் பாடுகிறார், ஆனால் சுருதி அவர் குரலுக்கு மேலே இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் தொண்டையால் எக்கிப் பிடிக்கிறார். சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கிக் கொடுத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். மெரில் ஸ்ட்ரீப் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடுவது வேறு ரகம். பாறை ஓரத்தில், காற்றில் சால்வை அலைய, எதிரே நிற்கும் பிராஸ்னனைப் பார்த்து, ஒரு சண்டையைச் சொல்லிமுடிக்கும் வேகத்தில் பாடுகிறார். சில சுரங்கள் தட்டையாகத்தான் விழுகின்றன. எனக்கு அது பொருட்டாகவே படவில்லை, ஏனென்றால் அவள் என்ன சொல்கிறாள் என்பதில் ஒரு வரிகூட வீணாகவில்லை.

ஜானி டெப் 'ஸ்வீனி டாட்'டில் (2007) பாதித் தூரம் கடக்கிறார். இசையமைப்பாளர் சொண்டைமின் இசை அந்த வேடத்துக்குப் பாரிடோன் என்கிற கனத்த ஆண் குரலைக் கேட்கிறது, டெப்பிடம் இருப்பது ஒல்லியான ராக் குரல். சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதனிடம் கொஞ்சிப் பாடுகிற இடத்தில் அந்த ஒல்லிக் குரல் நடுங்க வைக்கிறது, மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் கிசுகிசுப்பே போதும். ஆனால் ஊரையே கொல்வேன் என்று வெடிக்கிற 'எபிஃபனி'யில் வெடிமருந்து இல்லை. கத்துகிறார், அவ்வளவுதான்.

இப்போது நேர்மாறான உதாரணம். 'கேபரே', 1972, பாப் ஃபாஸி. லைஸா மினெல்லி. கதையின் மூலத்தில், அதாவது கிறிஸ்டோபர் இஷர்வுட் எழுதியதில், ஸாலி போல்ஸ் மோசமாகப் பாடுகிறவள். பெர்லினின் மூலையில் ஒரு சின்ன கிளப்பில் பிழைப்பு நடத்துகிறவள், தன்னைப் பெரிய நட்சத்திரம் என்று நம்புகிறாள். மினெல்லி பாடும் பாட்டைக் கேட்டால் இவளை ஏன் எந்தத் தயாரிப்பாளரும் கண்டுகொள்ளவில்லை என்றே கேட்கத் தோன்றும். பாத்திரத்துக்கு மீறிய குரல் இது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் படம் நிற்கிறது, ஏனென்றால் ஃபாஸி இன்னொரு வேலை பார்த்திருக்கிறார். பாட்டுகள் பெரும்பாலும் கிளப் மேடைக்குள்ளேயே நிற்கும், அவள் வாழ்க்கை பாடுவதே இல்லை. மேடையில் அவ்வளவு பெரிதாக இருப்பவள், அறைக்குத் திரும்பினால் சிறுத்துப்போகிறாள். நாற்காலியை வைத்துக்கொண்டு ஆடும் 'மைன் ஹெர்' பாட்டில் முட்டி, தோள், மணிக்கட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும். அதிகப்படியான திறமையைக்கூடக் கதைக்குள் அடைக்க முடியும் என்று நம்ப வைத்த ஒரே படம் எனக்கு இதுதான்.

நடனத்துக்கு வருகிறேன். பாட்டில் ஏமாற்றினால் காது கண்டுபிடித்துவிடும், நடனத்தில் ஏமாற்றுவது எடிட்டிங் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. நான் பார்ப்பது இரண்டு விஷயம். கால் தெரிகிறதா? ஒரு அசைவு தொடங்கி முடிகிற வரை ஷாட் மாறாமல் நிற்கிறதா? இடுப்புக்கு மேலே மட்டும் காட்டி, ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் ஒரு கட் போட்டால் யாரை வேண்டுமானாலும் ஆட வைத்துவிடலாம். ஃப்ரெட் அஸ்டேர் அந்தக் காலத்திலேயே தலை முதல் கால் வரை முழு உருவம் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது இதனால்தான்.

2002-ன் 'சிகாகோ' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் ராப் மார்ஷல் பெரும்பாலான பாட்டுகளைக் கதாநாயகி ராக்ஸியின் கற்பனையில் நடப்பதாக வைத்தது புத்திசாலித்தனம், அதனால் வேகமான கட்டுகளுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை ரெனே ஸெல்வெகருக்காகக் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். அவர் குரல் மெல்லியது, ராக்ஸிக்கு அது பொருந்தும், புகழுக்கு ஆசைப்படுகிற சாதாரணப் பெண்தானே. ஆட்டத்தில்தான் கட்டுகள் அவரைக் கைபிடித்து அழைத்துப்போகின்றன. கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸுக்கு அந்த உதவி தேவையில்லை, லண்டனில் '42-ஆவது தெரு' மியூசிக்கலில் ஆடி வளர்ந்தவர். படத்தின் முதல் பாட்டிலேயே பாருங்கள், குட்டையாக வெட்டிய முடி, முகம் மறைய வழியே இல்லை, தாளத்துக்கு ஒரு நூல் முன்னால் போய் நின்று காத்திருக்கிறார். அந்தத் திமிர்தான் வெல்மா கெல்லி. ரிச்சர்ட் கியரின் டாப் நடனத்தை, அதாவது காலணியால் தரையில் தாளம் தட்டும் ஆட்டத்தை, நீதிமன்றக் குறுக்கு விசாரணையோடு வெட்டி வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். வழக்கறிஞர் வார்த்தையால் செய்கிற தப்பாட்டத்தைக் கால் செய்துகாட்டுகிறது என்பதால் அந்த வெட்டுகள் எனக்கு உறுத்தவில்லை. ஜான் சி. ரைலி தன் ஒற்றைப் பாட்டை அவசரமே படாமல் பாடிவிட்டுப் போகிறார், படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது.

ஆனால் மனம் நிறைந்தது 2021-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில்தான். பழைய படத்தில் 'அமெரிக்கா' பாட்டு இரவில் மொட்டைமாடியில் நடக்கும், ஜெரோம் ராபின்ஸின் நடன அமைப்பு, ரீட்டா மொரேனோவின் கண்ணும் பாவாடையும் சேர்ந்து அடித்த அடி இன்றும் குறையவில்லை. ஸ்பீல்பெர்க் அதைப் பகல் வெளிச்சத்தில் தெருவுக்குக் கொண்டுவந்தார், நடனம் ஜஸ்டின் பெக். அரியானா டிபோஸ் மஞ்சள் உடையில் சுழலும்போது உள்பக்கத்துச் சிவப்பு விரிந்து மறைகிறது, கேமரா பின்வாங்கிப்போய் முழுத் தெருவையும் காட்டுகிறது, கால்கள் தெரிகின்றன, தரையில் அழுத்தம் தெரிகிறது, ஒவ்வொரு சுழலும் முடிந்த பிறகே அடுத்த ஷாட். ஆடிக்கொண்டே வாக்குவாதமும் ஜெயிக்கிறார். மைக் ஃபைஸ்ட் தெருக்கும்பல் தலைவன் ரிஃப்பாக வருகிறார், எலும்பும் தோலுமாக ஒரு உடம்பு, சண்டைக்கும் நடனத்துக்கும் அதில் வித்தியாசமே தெரியாது. துப்பாக்கியை வைத்து அவரும் ஆன்சல் எல்கார்ட்டும் ஆடுகிற 'கூல்' பாட்டில் உடைந்த பலகைகளின் ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி ஆடுகிறார்கள், தவறினால் தண்ணீர். எல்கார்ட் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. குரல் சுத்தமாக இருக்கிறது, முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை.

மொரேனோ பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1961-ல் 'அமெரிக்கா'வை அவரே பாடினார், ஆனால் 'எ பாய் லைக் தட்' அவருக்கு ரொம்பக் கீழ் ஸ்தாயி என்று பெட்டி வாண்ட் என்பவரின் குரலைப் போட்டார்கள். அவர் நடித்த அனிட்டாவின் மிகப் பெரிய ஆத்திரக் காட்சி, அதில் அவர் குரல் இல்லை. 60 வருடம் கழித்து வந்த படத்தில் அவருக்குக் கடைக்காரப் பாட்டி வேடம், 'ஸம்வேர்' பாட்டை அவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டார்கள். குரலில் வயது இருக்கிறது, பெரிய கார்வைகள் இல்லை, ஒவ்வொரு சொல்லும் அவருடையது. அனிட்டா வேடத்துக்காக அவரும் டிபோஸும் இருவரும் ஆஸ்கர் வாங்கியவர்கள் என்பது அந்தப் படத்துக்கு இன்னொரு அழகு.

'கேட்ஸ்' (2019) பற்றிச் சுருக்கமாக. ராயல் பாலேவின் முதன்மை நடனக்காரி ஃப்ரான்செஸ்கா ஹேவர்டை அழைத்து வந்து, அவர் உடம்புமேல் கணினியில் ரோமம் போர்த்திவிட்டார்கள். பாலேயில் நாம் பார்ப்பதே எடையை, பாதம் தரையைத் தொடுவதும் விடுவதும்தான் கலை. இங்கே பாதம் தரையில் ஒட்டாமல் வழுக்குகிறது. இவ்வளவு பெரிய நடனக்காரிக்கு இதைவிட மோசமான சட்டகம் கொடுக்க முடியாது.

கடைசியாக 'விக்கெட்', 2024. சிந்தியா எரிவோ பற்றிக் கவலையே வேண்டாம், பிராட்வேயில் 'தி கலர் பர்ப்பிள்' செய்து டோனி வாங்கியவர், கம்பியில் தொங்கியபடியும் செட்டிலேயே பாடுகிறார், குரல் அசையவில்லை. ஆச்சரியம் அரியானா கிராண்டே. பாப் பாடகி என்பதால் எல்லாச் சுரத்தையும் அலங்கரித்துத் தள்ளுவார் என்று நினைப்போம், அலங்காரத்தையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு 'பாப்புலர்' பாட்டில் சிரிப்புக்கு எந்த அசை, கர்வத்துக்கு எந்த அசை என்று பிரித்துப் பாடுகிறார். ஓஸ்டஸ்ட் நடன அரங்கில் எரிவோ இசையே இல்லாமல் ஆடத் தொடங்க, எல்லோரும் சிரிக்க, கிராண்டே வந்து அதே அசைவுகளைத் திருப்பிச் செய்கிறாரே, அதில் நடனத் திறமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கையை நெற்றிக்குக் கொண்டுபோவது மாதிரி எளிய அசைவுகள்தான். ஆனால் ஒருத்தி செய்ததை இன்னொருத்தி செய்வதிலேயே கதை திரும்பிவிடுகிறது. ஜொனதன் பெய்லி நூலகத்தில் சுழலும் சக்கர அலமாரிகளுக்குள் ஆடுவதும் முழு உருவமாகத் தெரிகிறது, நன்றி.

குறை என்று பார்த்தால் 'டிஃபையிங் கிராவிட்டி'. மேடையில் அது ஒரே மூச்சில் ஏறிக்கொண்டே போகும் பாட்டு. படத்தில் துரத்தல், கீழே விழுதல், சிறுவயது முகம் கண்ணாடியில் தெரிதல் என்று நடுநடுவே பிளந்து பிளந்து வைத்திருக்கிறார்கள். எரிவோ ஒவ்வொரு முறையும் உயரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது, கட்டவும் கட்டுகிறார். இப்படி ஒரு குரல் கையில் இருக்கும்போது இயக்குநர் பாட்டை நம்பியிருக்கலாம். இந்தப் படங்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 2021-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யைச் சொல்வேன், அப்புறம் உடனே 1961-ஐயும் பாருங்கள். 'லே மிசராப்ல'வுக்கு மட்டும் நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், ஹாத்வேயின் மூச்சு டிவி ஸ்பீக்கரில் கேட்காது.